சிற்றாலயங்களின் கதை – 9: மதில்மேல் பேதுரு

தெற்குச் சுவரில் ஒரு பெரிய தழும்பு இருக்கிறது. தரையிலிருந்து தொடங்கி ஆள் உயரத்தையும் தாண்டி மேலே போகும் ஒட்டு. சுற்றியுள்ள கல்வரிசையோடு அது சேரவே இல்லை. ஒரு காலத்தில் சுவரை உடைத்து வாசல் வைத்திருக்கிறார்கள், பிறகு அந்த வாசலை அடைத்திருக்கிறார்கள் என்பது பார்த்த உடனே தெரியும். வடக்குச் சுவரிலும் அப்படி ஒன்று உண்டு. அறுவடைக் காலத்தில் கதிர்க்கட்டு ஏற்றிய வண்டிகள் உள்ளே வந்து போக விவசாயிகள் உண்டாக்கிய வழி அது.

அந்தச் சுவர் எழுந்தது கி.பி. 654 வாக்கில். இங்கிலாந்தில் இன்றும் கூரையோடு நின்று, இன்றும் வழிபாடு நடக்கிற ஆலயங்களில் மிகப் பழையவற்றுள் இதுவும் ஒன்று. ‘சுவரின்மேல் புனித பேதுரு’ என்பது அதன் பெயர். எசெக்ஸ் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், பிளாக்வாட்டர் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்குத் தெற்கே, பிராட்வெல் கிராமத்தையும் கடந்து வயல்வெளி முடிகிற இடத்தில் அது நிற்கிறது. வயலுக்கு அப்பால் உப்புச் சதுப்பு. அதற்கும் அப்பால் சாம்பல் நிற வடகடல். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது கோயிலாகவே தோன்றாது. கோபுரம் கிடையாது. உயரமான கல் கொட்டகை ஒன்றுக்கு ஓட்டுக் கூரை போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். நெடுங்காலம் அந்தப் பகுதி மக்களும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

சென்ற இதழில் லிண்டிஸ்ஃபார்ன் தீவின் மடத்தைப் பார்த்தோம். அங்கே பயின்ற துறவி ஒருவரைப் பின்தொடர்ந்துதான் இந்த வாரம் தெற்கே வந்திருக்கிறோம். அவருக்கு முன்னால், அவருடைய கல் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

எசெக்ஸ் களிமண் பூமி. கட்டடத்துக்கு உகந்த நல்ல கல் அங்கே கிடைப்பது அரிது. அப்படிப்பட்ட நிலத்தில், 3ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ரோமானியர்கள் ஒரு கோட்டை கட்டினார்கள். கடல் வழியே வந்து கொள்ளையடித்த சாக்சன்களைத் தடுக்க இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரை நெடுக அவர்கள் எழுப்பிய கோட்டைகளில் இதுவும் ஒன்று, பெயர் ஒதோனா. 10 அடிக்கு மேல் தடித்த மதில், கல்லும் ஓட்டுச் செங்கல்லும் மாறி மாறி அடுக்கிய கட்டுமானம். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமப் படை பிரிட்டனைக் கைவிட்டுப் போயிற்று. யாரைத் தடுப்பதற்காக அந்த மதில் எழுந்ததோ அவர்களே வந்து குடியேறினார்கள். எசெக்ஸ் என்ற பெயரே ‘கிழக்குச் சாக்சன்கள்’ என்பதன் மரூஉதான். கோட்டைக்குள் ஆள் இல்லை. மதில் மட்டும் இருந்தது.

கிழக்குச் சாக்சன்களிடம் கிறிஸ்தவம் முதலில் வந்து வேர் பிடிக்கவில்லை. மெல்லிட்டஸ் என்ற ஆயர் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் இருந்தார். அவரை ஆதரித்த அரசர் இறந்த பிறகு, திருமுழுக்குப் பெறாத அவருடைய மகன்கள் ஆலயத்துக்கு வந்து, தங்கள் தந்தைக்குக் கொடுத்த வெள்ளை அப்பத்தைத் தங்களுக்கும் தரவேண்டும் என்று கேட்டார்கள். திருமுழுக்குப் பெறாமல் தர முடியாது என்றார் ஆயர். அவரை நாட்டைவிட்டே விரட்டிவிட்டார்கள். அதன்பின் ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் அந்த நாட்டில் ஆயர் என்று யாரும் இல்லை.

இதையெல்லாம் நமக்குச் சொல்பவர் பீட் என்ற துறவி. 731இல் அவர் எழுதி முடித்த ஆங்கிலத் திருச்சபை வரலாறுதான் இந்தக் காலத்துக்கு நமக்குள்ள பெரிய விளக்கு. அவர் சொல்லும் அடுத்த கதை இது. கிழக்குச் சாக்சன்களின் அரசர் சிகெபெர்ட், வடக்கே நார்தம்பிரியாவின் அரசர் ஆஸ்வியின் நண்பர். அடிக்கடி அங்கே போய்வந்தவர். நண்பரின் பேச்சில் மனம் மாறி, ஹேட்ரியன் சுவரின் அருகிலிருந்த ஓர் அரண்மனை ஊரில் லிண்டிஸ்ஃபார்ன் ஆயர் ஃபினன் கையால் திருமுழுக்குப் பெற்றார். அந்த ஊரின் பெயரைப் பீட் லத்தீனில் தருகிறார். ‘சுவரருகே’ என்பது அதன் பொருள். அரசர் ஞானஸ்நானம் பெற்றது ஒரு ரோமானியச் சுவரருகே; அதன் பயனாக எழுந்த ஆலயம் நிற்பது இன்னொரு ரோமானியச் சுவர்மேல்.

தன் மக்களுக்குப் போதகர் வேண்டும் என்று சிகெபெர்ட் கேட்க, ஆஸ்வி 653இல் அனுப்பி வைத்தவர்தான் செட். உடன்பிறந்தவர்கள் நால்வர்: செட், சினெபில், கேலின், சாட். நால்வரும் குருக்கள், அவர்களில் இருவர் ஆயர்கள். லிண்டிஸ்ஃபார்னின் ஐரிஷ் மரபில் வளர்ந்த செட் மற்றொரு குருவோடு தெற்கே போனார், நாடு முழுக்க நடந்து போதித்தார். பிறகு லிண்டிஸ்ஃபார்ன் சென்று விவரம் சொன்னபோது ஃபினன் அவரைக் கிழக்குச் சாக்சன்களின் ஆயராகத் திருநிலைப்படுத்தினார். திரும்பி வந்த செட் பல இடங்களில் ஆலயங்களை ஏற்படுத்தினார். அவற்றில் இரண்டைப் பீட் பெயர் சொல்லிக் குறிக்கிறார். ஒன்று தேம்ஸ் கரையில் டில்பரி. மற்றொன்று இதன்செஸ்டர். ஒதோனா என்ற ரோமானியப் பெயர் சாக்சன் நாவில் அப்படித் திரிந்தது.

கட்டடத்துக்கு வருவோம். இந்தத் தொடரில் இதுவரை பார்த்த எந்த ஆலயத்திலும் இல்லாத ஒரு புதிர் இங்கே உண்டு.

செட் பயின்ற மரபில் ஆலயத்தை மரத்தால் கட்டுவார்கள். லிண்டிஸ்ஃபார்னில் ஃபினன் கட்டிய ஆலயமே செதுக்கிய ஓக் மரத்தால் ஆனது, நாணல் கூரை வேய்ந்தது. அது ஐரிஷ்காரர்களின் முறை என்று பீட் குறிக்கிறார். அங்கிருந்து வந்த மனிதர் இங்கே கல்லால் கட்டினார். வெறும் கல் மட்டுமில்லை. திட்டமும் வேறு. கேன்டர்பரியைச் சுற்றி, ரோமிலிருந்து வந்த போதகர்கள் கட்டிய கென்ட் நாட்டு ஆலயங்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை: அகலமான நடுக்கூடம், கிழக்கே அரைவட்டமான திருப்பீடப் பகுதி, பக்கங்களில் ஒட்டிய சிறு அறைகள், மேற்கே முன்மண்டபம். பிராட்வெல் ஆலயம் அந்தக் குடும்பத்தில் பிறந்தது. வடக்கு மடத்துத் துறவி ஒருவரின் ஆலயம் தெற்குத் திருச்சபையின் உருவத்தில் நிற்கிறது.

கென்ட் கொத்தனார்களை அழைத்து வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். மரவேலை தெரிந்தவர்களை வைத்துக்கொண்டு வளைவு கட்ட முடியாது. கிழக்குச் சாக்சன் நாட்டுக்கு மிக அருகிலிருந்த கல்வேலைக்காரர்கள் தேம்ஸ் முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார்கள். கல்லுக்குப் பஞ்சமில்லை; கோட்டையே காலடியில் கிடந்தது.

அந்தக் கோட்டையை செட் எப்படிப் பயன்படுத்தினார் என்பதில்தான் நுட்பம். ஆலயத்தை மதிலுக்குள் எங்கோ ஒரு மூலையில் அவர் வைக்கவில்லை. கோட்டையின் மேற்கு வாசல் இருந்த இடத்தில், மதிலின் அடித்தளத்துக்குக் குறுக்கே, கிழக்கு மேற்காகக் கிடத்தினார். களிமண் நிலத்தில் புதிதாக அடித்தளம் தோண்டும் வேலை பெருமளவு மிச்சமானது. ரோமானியச் சாலை நேரே வந்து முடிந்த இடமும் அதுதான். அந்தச் சாலையின் தடத்தில் நடந்து வருகிறவர் இன்றும் ஆலயத்தின் மேற்கு வாசலில்தான் போய் நிற்பார். படைவீரன் நுழைந்த வழியில் பக்தர் நுழைகிறார். ‘சுவரின்மேல்’ என்ற பெயர் வந்த காரணமும் இதுவே.

இன்று எஞ்சியிருப்பது நடுக்கூடம் மட்டும். சுமார் 50 அடி நீளம், 22 அடி அகலம், சுவரின் உயரம் ஏறக்குறைய 24 அடி. அகலத்தைவிடச் சுவர் உயரம் அதிகம் என்பதைக் கவனியுங்கள். உள்ளே நின்றால் அண்ணாந்து பார்க்கத் தோன்றும் அளவு. சன்னல்கள் மேலே, எட்டாத உயரத்தில் இருக்கின்றன. வெளிப்பக்கம் சுவருக்கு முட்டுக் கொடுத்துத் தூண்கள் புடைத்து நிற்கின்றன. மூலைகளிலும் தூண்களிலும் ரோமானியர் செதுக்கிய சதுரக் கற்கள், நடுவே கையில் கிடைத்த கற்களெல்லாம் சுண்ணாம்பில் பதித்த கட்டு, இடையிடையே சிவந்த ரோமானிய ஓடு. நல்ல கல்லை எங்கே போடவேண்டும், சில்லுக் கல்லை எங்கே போடவேண்டும் என்று தெரிந்த கை அது.

கிழக்குச் சுவரின் இரு ஓரங்களையும் பார்க்க வேண்டும். சிவந்த ஓடுகளை விசிறிபோல் அடுக்கிய வளைவின் தொடக்கம் இரண்டு பக்கமும் நிற்கிறது. வளைந்து எழும்பத் தொடங்கி, பாதியில் நின்றுபோகிறது. நடுக்கூடத்துக்கும் திருப்பீடப் பகுதிக்கும் நடுவே வளைவு வரிசை ஒன்று இருந்தது. மூன்று வளைவுகள் என்பது பெரும்பாலோர் கருத்து. அதற்கு அப்பாலிருந்த அரைவட்டப் பகுதி போயிற்று. வடக்கிலும் தெற்கிலும் ஒட்டியிருந்த அறைகள் போயின. மேற்கு முன்மண்டபமும் போயிற்று. அவற்றின் அடித்தளங்களை மண்ணுக்கடியிலிருந்து கண்டெடுத்தே இந்தத் திட்டத்தை ஆராய்ச்சியாளர்கள் முழுமையாக வரைந்தார்கள். நாம் இன்று பார்த்து எளிமை என்று வியக்கும் அந்தப் பெட்டி வடிவம் செட் நினைத்த வடிவம் அல்ல. கையும் காலும் போனபின் எஞ்சிய உடல் அது.

கட்டியவரின் முடிவைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் அரசரின் முடிவு. சிகெபெர்ட்டின் உறவினர் ஒருவர் முறைகேடான திருமணம் செய்திருந்தார். செட் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கி, அவர் வீட்டில் யாரும் உண்ணக் கூடாது என்று தடை விதித்தார். அரசர் தடையை மீறி விருந்துக்குப் போனார். திரும்பும் வழியில் செட்டைக் கண்டதும் நடுங்கிப்போய்க் குதிரையிலிருந்து இறங்கிக் காலில் விழுந்தார். செட்டும் இறங்கினார். கையிலிருந்த கோலால் அரசரைத் தொட்டு, அந்த வீட்டிலேயே உமக்குச் சாவு என்று சொன்னார். அப்படியே நடந்தது. அந்த உறவினரும் அவர் சகோதரரும் சேர்ந்து அரசரைக் கொன்றார்கள். ஏன் கொன்றீர்கள் என்று கேட்டதற்கு, பகைவர்களை அவர் சுலபமாக மன்னித்துவிடுகிறார் என்ற கோபம்தான் காரணம் என்றார்களாம். மன்னிப்பு என்பது அந்த நாட்டுக்கு எவ்வளவு புதிய சரக்காக இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆவணமும் காட்டாது.

664இல் விட்பி மடத்தில் பெரிய விவாதம் நடந்தது. ஈஸ்டர் பெருவிழாவை ஐரிஷ் கணக்குப்படி கொண்டாடுவதா, ரோமின் கணக்குப்படியா? ஆஸ்வி ஒரு கணக்கு, கென்ட்டிலிருந்து வந்த அவருடைய அரசி இன்னொரு கணக்கு. அரசர் ஈஸ்டர் விருந்து உண்ணும் நாளில் அரசி இன்னும் தவக்கால நோன்பில் இருப்பார். இரு தரப்புக்கும் நடுவே மொழிபெயர்த்தவர் செட். கடைசியில் விண்ணகச் சாவி பேதுருவிடம் இருப்பதால் பேதுருவின், அதாவது ரோமின், பக்கமே தன் பக்கம் என்று ஆஸ்வி தீர்ப்புச் சொன்னார். வளர்ந்த மரபை விட்டு செட்டும் அந்தத் தீர்ப்பை ஏற்றார். வடக்கு மடத்துத் துறவி தெற்கு முறையில் கட்டிய ஆலயத்தை நினைக்கும்போது, அவர் ஏற்றது எனக்கு வியப்பாக இல்லை.

அதே ஆண்டு கொள்ளைநோய் பரவியது. யார்க்‌ஷயர் மலைப்பகுதியில் தாம் நிறுவிய லாஸ்டிங்ஹாம் மடத்தில் செட் இறந்தார். செய்தி எசெக்ஸுக்கு வந்ததும், அங்கே அவருடைய மடத்திலிருந்து சுமார் 30 துறவிகள் புறப்பட்டு லாஸ்டிங்ஹாம் போனார்கள். தங்கள் தந்தையின் கல்லறை அருகே வாழவேண்டும், இல்லாவிட்டால் அங்கேயே சாகவேண்டும் என்று. நோய் அவர்களையும் கொண்டுபோயிற்று. ஒரு சிறுவன் மட்டும் பிழைத்தான். இங்கே எசெக்ஸிலோ நோய்க்கு அஞ்சிய மக்களில் ஒரு பகுதியினர் பழைய தெய்வங்களிடம் திரும்பினார்கள். இடிந்து கிடந்த கோயில்களைச் செப்பனிட்டார்கள். கட்டிச் சுமார் பத்து ஆண்டே ஆன ஆலயம், கட்டியவரையும் அவரோடு வாழ்ந்தவர்களையும் இழந்து நின்றது.

அடுத்த பல நூற்றாண்டுகளை ஒரே மூச்சில் கடந்துவிடலாம், சொல்லத்தக்க செய்தி அவ்வளவு குறைவு. கிராமத்துக்குள் பங்கு ஆலயம் வந்தபின் இது அதன் துணை ஆலயமாயிற்று. 1442இல் இதைப் பற்றி ஒரு விசாரணை நடந்தது. சாட்சி சொல்ல வந்த ஊர்ப் பெரியவர்கள், திருப்பீடப் பகுதியும் நடுக்கூடமும் இரண்டு மணிகள் கொண்ட சிறு கோபுரமும் இருக்கின்றன என்றார்கள். யார் கட்டியது, எப்போது கட்டியது என்பது தங்களுக்குத் தெரியாது என்றார்கள். ஒரு ஊர் தன் ஆலயத்தை வைத்துக்கொண்டே அதன் தந்தையை மறந்துவிட்டது.

17ஆம் நூற்றாண்டு வாக்கில் வழிபாடும் நின்றது. அரைவட்டப் பகுதியும் பக்க அறைகளும் இல்லாமற்போயின. எஞ்சிய நடுக்கூடத்தைப் பார்த்த விவசாயிக்கு அது வேறொன்றாகத் தெரிந்தது: நல்ல கூரை, தடித்த சுவர், உயரமான உள்வெளி. தானியம் போட்டு வைக்க இதைவிட என்ன வேண்டும்? சுவரை உடைத்து வண்டி வாசல் வைத்தார்கள். அடுத்த இரண்டு நூற்றாண்டுக்கு மேல் அது களஞ்சியம், சில காலம் மாட்டுக் கொட்டில்.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இந்த இடத்தில் பெருமூச்சு விடுவார்கள். புனிதம் கெட்டது, ஆலயம் அவமானப்பட்டது என்பார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. ஏன் இல்லை என்பதற்குத் தேம்ஸ் முகத்துவாரத்துக்குத் தெற்கே ஒரு சாட்சி இருக்கிறது.

கென்ட் கடற்கரையில் ரெக்கல்வர் என்ற ஊர். அங்கும் ரோமானியக் கோட்டை, அதற்குள் 669இல் நிறுவப்பட்ட மடம். பிராட்வெல்லின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம். அங்கேயும் அரைவட்டத் திருப்பீடம், அதற்கு முன்னால் இரண்டு உயர்ந்த கல்தூண்கள் தாங்கிய மூன்று வளைவுகள். பிராட்வெல்லில் பாதியில் நிற்பது அங்கே முழுசாக நின்றது. 12ஆம் நூற்றாண்டில் இரட்டைக் கோபுரமும் சேர்ந்து செல்வாக்கோடு இருந்தது. ஒருநாளும் அது கொட்டகை ஆகவில்லை. 19ஆம் நூற்றாண்டு வரை பங்கு ஆலயமாகவே விளங்கியது. கடல் கரையை அரித்துக்கொண்டு நெருங்கியதும், 1809இல், அந்தப் பங்கு மக்களே அதை இடித்தார்கள். கல்லைக் கொண்டுபோய் உள்நாட்டில் புது ஆலயம் கட்டிக்கொண்டார்கள். இரட்டைக் கோபுரம் தப்பியது, கப்பல்களுக்கு அடையாளமாக இருக்கட்டும் என்று டிரினிட்டி ஹவுஸ் என்ற கடல்வழி அமைப்பு அதை வாங்கியதால். வளைவுகளைத் தாங்கிய அந்த இரண்டு தூண்கள் இப்போது கேன்டர்பரி பேராலயத்தில் இருக்கின்றன. நடுக்கூடத்தில் புல் முளைத்திருக்கிறது.

கோயிலாக இருந்த கோயில் போயிற்று. கொட்டகையாக இருந்த கோயில் நிற்கிறது. பிராட்வெல் விவசாயிக்கு அது 7ஆம் நூற்றாண்டுச் சொத்து என்று தெரியாது. ஆனால் கூரை ஒழுகினால் தானியம் கெடும் என்று தெரியும். அதனால் ஒவ்வொரு ஓடாக மாற்றினார். அந்த நாட்டில் கல் அரிது என்றேன். ஆளில்லாமல் கிடந்திருந்தால் அந்தச் சுவர் எப்போதோ வேலிக்கும் வீட்டுக்கும் போயிருக்கும். தினசரி உபயோகம்தான் அதற்குக் காவல் நின்றது. அந்த விவசாயிகளின் பெயர்களை யாரும் எந்தக் கல்லிலும் பொறிக்கவில்லை. பொறித்திருக்க வேண்டும்.

1864இல் அந்தக் கரையில் கடலிடமிருந்து நிலம் மீட்கும் வேலை நடந்தபோது ரோமானிய மதில் வெளிப்பட்டது. கோட்டை ஒதோனாதான் என்று தெளிவானதும், அதன் மேற்கு வாசலில் குந்தியிருந்த கொட்டகை எதுவாக இருக்க முடியும் என்பதும் தெளிவானது. பீட் எழுதி வைத்த வரிகள் ஏறத்தாழ 1,130 ஆண்டுகளுக்குப் பிறகு தங்கள் கட்டடத்தைக் கண்டுபிடித்தன. 1914இல் செல்ம்ஸ்ஃபர்ட் மறைமாவட்டம் உருவாயிற்று. ஆலயம் திருச்சபையின் கைக்குத் திரும்பியது. சுவரைச் செப்பனிட்டு, வண்டி வாசல்களை அடைத்து, 1920 ஜூன் 22 அன்று மறுபடியும் திருநிலைப்படுத்தினார்கள்.

செப்பனிட்டவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். இடிந்த அரைவட்டப் பகுதியைக் கற்பனையாக எழுப்பிவிடவில்லை. சுவர் முழுக்கச் சாந்து பூசி ஒட்டுத் தெரியாமல் மறைத்துவிடவும் இல்லை. 7ஆம் நூற்றாண்டின் கொத்தனார், 17ஆம் நூற்றாண்டின் விவசாயி, 20ஆம் நூற்றாண்டின் பணியாளர் மூவரின் கையையும் தனித்தனியே படிக்கும்படி விட்டார்கள்.

1946இல் நார்மன் மாட்லி என்ற குரு, போரில் விமானப் படையின் ஆன்மகுருவாக இருந்தவர், ஆலயத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சமூகத்தைத் தொடங்கினார். நேற்றுவரை ஒருவரையொருவர் கொன்ற ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் சேர்ந்து வாழ்ந்து பார்க்கும் இடம். பெயர் ஒதோனா. இன்றும் அவர்கள் வழிபட வருவது இந்தச் சிற்றாலயத்துக்குத்தான். எந்தச் சாக்சனைத் தடுக்க அந்தப் பெயரில் மதில் எழுந்ததோ, அதே ஜெர்மானிய மண்ணிலிருந்து வந்தவரை வரவேற்க அந்தப் பெயர் பயன்பட்டது.

1985இல் புதுத் திருப்பீடம் அமைத்தபோது அதன் தாங்குதூணில் மூன்று கற்களைப் பதித்தார்கள். ஒன்று, ஐரிஷ் துறவிகளின் தாய்மடமான அயோனா தீவிலிருந்து. இரண்டாவது, செட் பயின்ற லிண்டிஸ்ஃபார்னிலிருந்து. மூன்றாவது, அவர் இறந்த லாஸ்டிங்ஹாமிலிருந்து. ஆண்டுதோறும் ஜூலை மாதம் முதல் சனிக்கிழமை கிராமத்திலிருந்து மக்கள் திருப்பயணமாக நடந்து வருகிறார்கள்.

லண்டனிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் இருந்து இந்தத் தொடரைப் படிக்கிறவர்கள் பலர் கடிதம் எழுதுகிறீர்கள். உங்களுக்கு இது எட்டாத தூரமில்லை. லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறி, விக்ஃபர்டில் மாறி, சவுத்மின்ஸ்டரில் இறங்கினால் மீதி சாலை வழி. கடைசி அரை மைல் வண்டி போகாது, வயல் நடுவே நடக்க வேண்டும். நடந்து போங்கள். மேற்கு வாசலில் நுழையுமுன் ஒருமுறை தெற்குப் பக்கம் சுற்றி வந்து, அந்த வண்டி வாசலின் தழும்பில் கையை வைத்துப் பாருங்கள்.

(தொடரும்)